கயிற்றுக்கு இந்தப் பக்கம்

நிசேகோவில் பொழுதை விடியவைப்பவை பனி அள்ளும் வண்டிகள். ஹிராஃபு கிராமம் இன்னும் இருட்டில் கிடக்கிறது. மஞ்சள் விளக்கு சுழல, இரவெல்லாம் விழுந்த பனியை வாரி ஓரத்தில் தள்ளிக்கொண்டே அவை மேட்டுச் சாலையில் ஏறி இறங்குகின்றன. ஜனவரி மாதம். சைபீரியாவிலிருந்து புறப்படும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை முகந்துகொள்கிறது. ஹொக்கைடோவின் மேற்கு மலைகளில் முட்டியதும் மொத்தத்தையும் இங்கே இறக்கிவிடுகிறது. ஒரு பருவத்துக்குப் பத்து மீட்டருக்கும் மேலே. ஈரப்பசை இல்லாத பனி. உருட்டிப் பார்த்தால் உருளாது. சலித்த கோலமாவு மாதிரி விரலிடுக்கில் வழிந்துவிடும். இதன்மேல் சறுக்கத்தான் சிட்னியிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். கடைப் பலகைகள் பலவற்றில் ஆங்கிலம் பெரிதாகவும் ஜப்பானியம் சிறிதாகவும் இருக்கிறது.

முதலில் தெருவுக்கு வருகிறவர்கள் இரண்டு பேர். கறுப்புக் கோட்டு, கறுப்புக் கால்சட்டை, கையில் காப்பிக் கோப்பை. நடைபாதை பனிக்கடியில் புதைந்துவிட்டதால் நடுச்சாலையில் நடக்கிறார்கள். பின்னால் வண்டி வருகிறது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. நிறுத்திவிட்டு, அவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருக்கிறார். பார்த்ததும் ஒதுங்கிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்கள். ஓட்டுநர் தலையை லேசாகத் தாழ்த்திவிட்டு நகர்கிறார். அவர் கண்ணில் பட்டது அவர்கள் அதிர்ஷ்டம். இருபுறமும் ஆளுயரப் பனிச்சுவர், விடியாத நேரம், கறுப்பு உடுப்பு. இதே சுவரைக் குடைந்து ஒரு குழந்தை உள்ளே உட்கார்ந்து விளையாடினால், அடுத்த சுற்று வரும் வண்டிக்காரருக்கு அது தெரியவே தெரியாது.

ஒரு லாட்ஜின் கூரை விளிம்பில் முழங்கை நீளப் பனிக்கூர்கள் தொங்குகின்றன. நேர் கீழே நின்று ஓர் இளைஞன் செல்பேசியை உயர்த்திக் கோணம் பார்க்கிறான். மண்வெட்டியோடு வந்த முதியவர் வாயைத் திறக்கவில்லை. அவன் தோளை இரண்டு விரலால் தொடுகிறார். கூரையைக் காட்டுகிறார். விரித்த உள்ளங்கையை மேலிருந்து கீழே தொப்பென்று இறக்குகிறார். நாலடி தள்ளி இன்னோர் இடத்தைக் காட்டுகிறார். இளைஞன் சிரித்தபடி அங்கே போய் நின்று படம் எடுக்கிறான். கூரைப் பனி சொல்லிவிட்டு விழுவதில்லை. லேசாக வெயில் ஏறினால் போதும், கூரை மொத்தமும் ஒரே பாளமாகச் சரியும். ஜப்பானின் பனி மாவட்டங்களில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதில் உயிர் போகிறது. அதனால் உள்ளூர்க்காரர்கள் எங்கே நடந்தாலும் ஒரு கண் மேலே இருக்கிறது.

*

சரிவின் மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்ட் திறக்க இன்னும் அரை மணி இருக்கிறது; வரிசை வளைந்து வளைந்து நிற்கிறது. ராத்திரி விழுந்த புதுப்பனியில் முதல் கோடு தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஆசை. இரண்டு வரிசைகள் ஒன்றாகும் இடத்தில் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என மாறி மாறிப் போகிறார்கள். அதைச் சொல்ல அங்கே ஆளும் இல்லை, பலகையும் இல்லை. பார்த்தே பிடித்துக்கொள்கிறார்கள்.

பிடிபடாதவர்களும் உண்டு. நண்பர்கள் நால்வர் பின்னாலிருந்து வந்து, முன்னால் நிற்கும் கூட்டாளியைக் கைகாட்டிக்கொண்டே உள்ளே நுழைகிறார்கள். ஒருவனுடைய ஸ்கீ பக்கத்திலிருந்த பெண்ணின் ஸ்கீமேல் ஏறி இறங்குகிறது. நடுவயது ஜப்பானியப் பெண். திரும்பிப் பார்க்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, கீறல் விழுந்த இடத்தைக் கையுறையால் ஒருமுறை தடவிப் பார்க்கிறாள். நிமிர்ந்து, நேராகப் பார்த்து நிற்கிறாள். நால்வரும் பேசிச் சிரித்தபடி முன்னே போய்விடுகிறார்கள். அவள் கோபப்பட்டாள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. சத்தம் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று கணக்குப் போடுகிற ஊர்களிலிருந்து வந்தவர்கள். இந்த ஊரில் அந்தக் கணக்கு உதவாது. ஆளிடமும் உதவாது, மலையிடமும் உதவாது.

லிஃப்ட் நிற்குமிடத்தில் கம்பளித் தொப்பிக்காரர் ஒருவர் கையில் நீளத் துடைப்பம். வருகிற ஒவ்வோர் இருக்கையிலும் பனியை ஒரு வீச்சில் பெருக்கிவிட்டு, ஏறுகிறவர்களுக்குத் தலை தாழ்த்துகிறார். அடுத்த இருக்கை, அடுத்த வீச்சு, அடுத்த வணக்கம். ஹிராஃபு அடங்கிய குச்சான் வட்டாரம் உருளைக்கிழங்குக்குப் பெயர்போனது. கோடையில் வயலில் நிற்கிற கைகள் சில குளிர்காலத்தில் இப்படி மலைக்கு வந்துவிடுகின்றன. அவர் வேலையில் சந்தடி இல்லாத இன்னொரு பகுதியும் இருக்கிறது. முதுகில் பை மாட்டியவரைப் பார்த்ததும் தன் மார்பைத் தட்டிக் காட்டுகிறார்: பையை முன்னால் மாட்டிக்கொள். இறங்கும்போது பையின் வார் இருக்கையில் சிக்கினால் ஆள் தொங்கிப்போவார். தொங்கும் கழுத்துத் துணியைப் பார்த்ததும் தன் கழுத்தைத் தொட்டு உள்ளே செருகச் சொல்கிறார். இருக்கையில் ஏறியதும் தடுப்புக் கம்பியை இறக்கச் சொல்லிக் கையை மேலிருந்து கீழே கொண்டுவருகிறார். பலர் செய்கிறார்கள். சிலர் காதில் பாட்டோடு, அவரைக் கம்பம் போலக் கடந்து போகிறார்கள்.

அப்பாவோடு வந்த ஒரு குட்டிப்பெண், ஆறு வயது இருக்கலாம், அவர் தலை தாழ்த்தியதைப் பார்த்துத் தானும் பதிலுக்குக் குனிகிறாள். ஹெல்மெட்டின் கனம் முன்னே இழுக்கிறது. விழப்போகிறவளை அவர் துடைப்பத்தை எறிந்துவிட்டுப் பிடித்து இருக்கையில் ஏற்றுகிறார். இருக்கை மேலே போகப்போக அவள் திரும்பிக் கையாட்டுகிறாள். இவரும் ஆட்டுகிறார். பின்னால் ஓர் இருக்கை பனியோடேயே போய்விடுகிறது.

*

சரிவில் ஒழுங்கு என்பது கண்ணை எங்கே வைக்கிறாய் என்பதில் இருக்கிறது. சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 1967இல் வகுத்த பத்து விதிகள் உலகம் முழுக்கப் பொது. அவற்றின் சாரம் எளிது. கீழே போகிறவருக்கு முதுகில் கண் இல்லை. ஆகவே மேலேயிருந்து வருகிறவரே வழியைத் தேர்ந்து விலகவேண்டும். கிளம்பும்போது மேல்நோக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்பவேண்டும். நிற்பதென்றால் ஓரத்தில் நிற்கவேண்டும். குறுகலிலும், மேலிருப்பவருக்குத் தெரியாத மறைவிலும் நிற்கக்கூடாது.

அந்த மறைவில்தான் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தடம் ஒரு மேட்டில் ஏறிச் சடக்கென்று சரியும் இடம். சரிவின் நடுவில் ஸ்னோபோர்டுகளைக் காலில் கட்டியபடி வரிசையாக அமர்ந்து செல்பேசியில் படம் பார்க்கிறார்கள். மேலே மேட்டின் விளிம்பில் ஒரு ஸ்கீக்காரர் தோன்றுகிறார், இவர்களைப் பார்க்கிறார், உடலை ஒடித்துத் திரும்புகிறார். பனி சிதறி ஐவர்மேலும் விழுகிறது. அவர்கள் ஆரவாரம் செய்கிறார்கள். தங்களுக்காகக் காட்டிய வித்தை என்று நினைத்திருக்கலாம். இரண்டாவதாக வந்தவருக்கு அந்த லாவகம் இல்லை. ஓரத்திலிருந்தவன் தோளில் இடித்து, உருண்டு, பத்தடி கீழே போய்க் கிடக்கிறார். எழ முயல்கிறார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறார்.

இப்போது நடப்பது பார்க்கவேண்டியது. அந்த வழியாக வந்த ஒரு பெண், பேச்சில் ஆஸ்திரேலியச் சாயல், வேகத்தைக் குறைத்து நிற்கிறாள். அடிபட்டவரிடம் உடனே போகவில்லை. முதலில் தன் ஸ்கீகளைக் கழற்றி மேட்டுக்கு ஏறி, விளிம்பில் இரண்டையும் பெருக்கல் குறியாகப் பனியில் குத்தி நிறுத்துகிறாள். மேலேயிருந்து வருகிறவர்கள் அதைக் கண்டதும் விலகிப் போகிறார்கள். இனி மூன்றாவது ஆள் வந்து மோதமாட்டான். அதன்பிறகுதான் இறங்கி வருகிறாள். முழங்காலை அசைக்கவேண்டாம் என்று கைகாட்டுகிறாள். தன் கோட்டைக் கழற்றிப் போர்த்துகிறாள். தடத்தின் ஓரக் கம்பத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்துத் தொலைபேசியில் சொல்கிறாள். சிவப்புக் கோட்டு ரோந்துக்காரர்கள் இருவர் சறுக்குப் படுக்கையை இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

அமர்ந்திருந்த ஐவரில் நால்வர் கீழே போய்விட்டார்கள். ஒருவன் மட்டும் நிற்கிறான், இடிபட்டவன். தன் பெயரையும் தங்குமிடத்தையும் ரோந்துக்காரர் நீட்டிய தாளில் எழுதிக்கொடுக்கிறான். விபத்தில் சம்பந்தப்பட்டவரும் கண்ணால் கண்டவரும் அடையாளம் தந்துவிட்டுத்தான் போகவேண்டும் என்பது பத்தாவது விதி. அவனுக்கு விதி தெரிந்திருக்குமோ என்னவோ, நிற்கத் தெரிந்திருக்கிறது.

*

இன்னும் மேலே, மரங்கள் குட்டையாகித் தீர்ந்துபோகிற உயரத்தில், அன்னுபுரி சிகரத்துக்குப் போகும் வாயில். சிகரம் 1,308 மீட்டர். இங்கே காற்று வேறு ஜாதி. கழிகள் நட்டு, கயிறு கட்டி, ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். இன்று அந்தத் திறப்பின் குறுக்கேயும் கயிறு. பலகையில் 'மூடப்பட்டது' என்று ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும்.

நிசேகோவின் கதை இந்தக் கயிற்றில் இருக்கிறது. எல்லைக்கு வெளியே கிடக்கும் புதுப்பனிக்கு ஆசைப்பட்டுக் கயிற்றுக்கடியில் குனிந்து போனவர்கள் 1980களிலும் 90களிலும் பனிச்சரிவில் ஒருவர்பின் ஒருவராகச் செத்தார்கள். ஜப்பானின் பல ஸ்கீ தளங்கள் இதற்குக் கண்ட வழி, வெளியே போவதை அடியோடு தடுப்பது. நிசேகோக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். தடுத்தால் ஒளிந்து போவார்கள். போகிறவன் எங்கே போனான் என்றே தெரியாது. ஆகவே வாயில்களை அவர்களே திறந்துவைத்தார்கள். மலையேற்றக்காரரான ஷின்யா அகியோ நிசேகோ பனிச்சரிவு ஆய்வகத்தை நடத்தி, இந்த யோசனையின் முதுகெலும்பாக இருந்தார். 2001இல் 'நிசேகோ விதிகள்' முறையாக நடைமுறைக்கு வந்தன. வெளியே போவது உன் சுதந்திரம்; ஆனால் வாயில் வழியாகப் போ. மூடியிருந்தால் போகாதே. கயிற்றுக்கடியில் ஒருபோதும் நுழையாதே. யுனோசாவா போன்ற பள்ளத்தாக்குகளில், மீட்பு போன்ற பணிகளுக்குப் போகிறவர்களைத் தவிர யாரும் எப்போதும் நுழையக்கூடாது. மீறினால் லிஃப்ட் சீட்டு பறிபோகும். தேடி மீட்கும்படி ஆனால் செலவு உன்னுடையது; அது குறைந்தது 1,00,000 யென்.

வாயிலைத் திறப்பதா மூடுவதா என்பது ஒவ்வொரு நாளும் புதிதாக எடுக்கும் முடிவு. விடியுமுன்பே காற்றின் வேகம், வெப்பநிலை, இரவு விழுந்த பனி எல்லாம் பார்த்து ஒரு பனிச்சரிவுத் தகவல் எழுதப்படுகிறது. ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் வெளியாகிறது. பனி அதிகம் விழுந்ததால்தான் ஆபத்து என்று புதியவர்கள் நினைப்பார்கள். காற்றுதான் பெரிய வில்லன். ஒரு முகத்தில் விழுந்த பனியை அது வாரிக்கொண்டுபோய் மறுமுகத்தில் அடுக்குகிறது. அடுக்கியது இறுகிப் பலகையாகிவிடும். அதற்கடியில் பழைய பனியின் பலவீனமான ஓர் அடுக்கு. மேலே ஓர் ஆள் வந்து நின்றால் அந்த எடையே போதும். பலகை விரிசல்விட்டு மொத்தமாகக் கிளம்பும். மேலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு அந்தச் சரிவு வழவழவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல், கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

மூன்று பேர் கயிற்றின் முன்னால் நிற்கிறார்கள். சிவப்பு ஹெல்மெட் போட்டவர் தலைவர் மாதிரி தெரிகிறது. கயிற்றுக்கு அப்பால் தடமே படாத வெண்மை. அவர் கழியால் அதைக் காட்டி மற்ற இருவரிடம் ஏதோ சொல்கிறார். பிறகு ஒரு ஸ்கீயின் முனையைக் கயிற்றுக்கடியில் நீட்டுகிறார்.

ரோந்துக்காரர் பத்தடி தூரத்தில் இருக்கிறார். கத்தவில்லை. இரண்டு கைகளையும் மார்புக்கு முன் குறுக்காக வைத்துக் காட்டுகிறார். அவ்வளவுதான். சிவப்பு ஹெல்மெட்காரர் புன்னகையோடு விரல்களை உயர்த்துகிறார்: மூன்றே பேர், ஒரே ஒரு தடவை. ரோந்துக்காரர் கைகளைப் பிரிக்கவில்லை. சிவப்பு ஹெல்மெட்காரர் தன் மார்பைத் தொட்டு, கையை விரித்து, தோளைக் குலுக்குகிறார்: என் உயிர், என் பாடு. இதற்கு ரோந்துக்காரர் ஒரு பதில் வைத்திருக்கிறார். தன் மார்பைத் தொடுகிறார். கீழே ரோந்துக் குடிசையிலிருந்து ஏறிவரும் இன்னொரு சிவப்புக் கோட்டைக் காட்டுகிறார். பிறகு கயிற்றுக்கு அப்பால் உள்ள வெண்மையைக் காட்டுகிறார். நீ போனால் உன் பின்னால் நான் போகவேண்டும், அவன் போகவேண்டும். போன பலகையின் மிச்சம் மேலே இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போகவேண்டும்.

ஸ்கீ முனை மெதுவாகப் பின்னால் வருகிறது.

தேர்ந்தவனுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று நினைக்க இடமில்லை. 2023 ஜனவரி 29 அன்று நாகானோவில், ஹகுபாவை ஒட்டிய நோரிகுரா மலையில் சரிந்த பனியில் வெளிநாட்டுக்காரர்கள் சிக்கினார்கள். இறந்த இருவரில் ஒருவர் அமெரிக்காவின் கைல் ஸ்மெய்ன். 2015இல் ஹாஃப்பைப் ஸ்கீயில் உலக சாம்பியன் ஆனவர். திறமை சறுக்குவதற்கு உதவும். புதைந்தவனைத் தோண்டி எடுப்பது கூட இருப்பவனுடைய வேலை. அதுவும் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள். பிறகு நம்பிக்கை மளமளவென்று இறங்கிவிடும்.

அந்தக் கணக்கு தெரிந்த இருவர் கீழ்வாயிலில் நிற்கிறார்கள். அது இன்று திறந்திருக்கிறது. இரண்டு பெண்கள், ஒருத்தி கைகளை அகட்டி நிற்க, மற்றவள் கையடக்கக் கருவியை அவள் மார்புக்கு அருகே கொண்டுபோகிறாள். பீப் என்கிறது. பிறகு மாற்றிச் செய்கிறார்கள். புதைந்தால் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் பீக்கன் அது. முதுகுப்பையில் மடக்கிய நீளக்கம்பியும் மண்வெட்டியும். மூன்றும் சேர்ந்தால்தான் பயன். தன்னிடம் இருந்தால் போதாது, தோழியிடமும் இருக்கவேண்டும். ஒருவருக்கொருவர் கண்ணில் படும் தூரத்தில் மரங்களுக்கிடையே இறங்குகிறார்கள். கண்ணுக்கு மறைந்தால் விசில். ஒரு சத்தம் இங்கிருந்து, பதில் சத்தம் அங்கிருந்து.

இந்த விசிலுக்குக் காரணம் உண்டு. ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகளுக்கடியில், தண்டைச் சுற்றிப் பனி இறுகாமல் குழியாக நிற்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. தலைகீழாக அதில் விழுந்தவன் கை கால் உதறினால் சுற்றிலும் உள்ள பனி இன்னும் உள்ளே சரியும். மூச்சு முட்டிச் சாக, பனிச்சரிவு எதுவும் தேவையில்லை. கிளையைப் பிடித்துக்கொண்டு, உதறாமல், வாயருகே கையால் இடம் செய்துகொண்டு காத்திருக்கவேண்டும். காத்திருப்பதில் அர்த்தம் இருக்கவேண்டுமானால் தேடிவர ஓர் ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும். தனியாகக் காட்டுக்குள் போகிறவரின் விசில் எவ்வளவு உரக்க ஒலித்தாலும் பதில் வராது.

*

மதியம். நடுமலை உணவுக்கூடத்தில் ஈரக் கம்பளி வாடையும் பொரித்த பன்றிக் கட்லெட்டோடு வரும் கறிச்சோற்று வாசனையும் கலந்து அடிக்கின்றன. நுழைந்ததும் சீட்டு இயந்திரம். காசு போட்டுப் படத்தை அழுத்தினால் சீட்டு வரும். சீட்டைக் கொடுத்தால் சாப்பாடு வரும். இயந்திரத்தின் முன் ஒருவர் திகைத்து நிற்க, பின்னால் வரிசை நீள்கிறது. ஒரு ஜப்பானிய மாணவன் முன்னே வந்து, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, தலையசைப்பு வந்த இடத்தில் அழுத்திக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புகிறான்.

ஜன்னலோர மேசையில் எட்டு நாற்காலிகள். எட்டிலும் ஹெல்மெட், கையுறை, கோட்டு. ஆட்கள் இன்னும் வரிசையில். இரண்டு குழந்தைகளோடு தட்டு ஏந்தி ஒருவர் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். தட்டில் சூப் ஆறுகிறது. இந்த விஷயத்தில் நாட்டு வித்தியாசம் பார்க்கமுடியாது. ஜப்பானியர்களும் இடம் போடுகிறார்கள். கடைசியில் மூலை மேசையில் ஒரு மூதாட்டி தன் தட்டை நகர்த்தி, பெஞ்சைத் தட்டி, மூவரையும் அழைக்கிறார். சாப்பிட்டு முடித்தவர்கள் தட்டைத் திருப்பும் மேடைக்கு எடுத்துப்போகிறார்கள்; மேசை துடைக்கும் துணியால் தங்கள் இடத்தைத் துடைக்கிறார்கள். அப்படியே விட்டுப்போன மேசை ஒன்றுதான். அதைப் பக்கத்து மேசைக்காரர் துடைக்கிறார்.

மேகம் விலகுகிறது. கூடமே ஜன்னல் பக்கம் திரும்புகிறது. எதிரே யோதெய் மலை, 1,898 மீட்டர், உச்சி தட்டையாக வெட்டிய எரிமலைக் கூம்பு. ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவ அதிகாரி தியோடோர் வான் லெர்ஹ் 1911 ஜனவரியில் நீகாத்தாவின் தகாதாவில் ஜப்பானியச் சிப்பாய்களுக்கு ஸ்கீ கற்றுக்கொடுத்தார். கையில் ஒரே ஒரு நீளக் கழியோடு. மறு ஆண்டு ஏப்ரலில் இந்த வட்டாரத்துக்கு வந்து அதே யோதெய்மேல் ஸ்கீயோடு ஏறினார். இந்த மலைகளுக்கு ஸ்கீயைக் காட்டியவரே வெளிநாட்டு விருந்தாளி. இன்று சரிவில் பாதி வெளிநாட்டு முகமாக இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மேகம் மறுபடி மூடிக்கொள்கிறது.

*

மாலையில் உடம்பு கேட்பது வெந்நீர். மலையடிவாரத்தில் ஊற்றுநீர்க் குளியலகம். வாசலில் பலகை: பச்சை குத்தியவர்கள் அதை ஒட்டுத்துணியால் மறைத்து வரவும். சில குளியலகங்கள் அவர்களை அனுமதிப்பதே இல்லை. சிலவற்றில் கேள்வியே கிடையாது. கேட்டுவிட்டு நுழைவது உத்தமம். ஆண்களுக்கு ஒரு திரை, பெண்களுக்கு ஒரு திரை. உடை மாற்றும் அறையிலேயே எல்லாவற்றையும் களைந்துவிடவேண்டும். நீச்சல் உடைக்கு உள்ளே வேலையில்லை. செல்பேசிக்கும் இல்லை.

ஆண்கள் பக்கம். சுவரோரம் வரிசையாகக் குட்டை முக்காலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய், ஒரு வாளி. நடுவில் ஆவி பறக்கும் தொட்டி. திடகாத்திரமான இளைஞன் ஒருவன் உள்ளே வருகிறான். குளிர் அவனை நேராகத் தொட்டிக்குத் தள்ளுகிறது. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப்போகிறான்.

முக்காலியில் உட்கார்ந்து முதுகு தேய்த்துக்கொண்டிருந்த கிழவர் கையை நிறுத்துகிறார். பக்கத்து முக்காலியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுகிறார். இளைஞன் பார்க்கிறான். கிழவர் வாளியை எடுத்து நீரைப் பிடித்து முக்காலியை ஒருமுறை கழுவி, சோப்புக் குப்பியை அந்தப் பக்கம் நகர்த்தி வைக்கிறார். தூக்கிய கால் இறங்குகிறது. இளைஞன் வந்து உட்காருகிறான். முக்காலி அவனுக்கு ரொம்பக் குட்டை. கிழவரைப் பார்த்துப் பார்த்துத் தேய்க்கிறான், பார்த்துப் பார்த்து நுரையைக் கழுவுகிறான், எழுந்திருக்கும்போது கிழவர் செய்ததுபோலவே முக்காலியைக் கழுவி வைக்கிறான். தொட்டிக்குள் இறங்கியதும் சின்னத் துண்டை என்ன செய்வது என்று தெரியவில்லை, நீரில் அலையவிடுகிறான். கிழவர் தன் தலைமேல் மடித்து வைத்த துண்டைத் தொட்டுக் காட்டுகிறார். அதுவும் புரிந்துவிடுகிறது. தொட்டியின் நீர் எல்லோருக்கும் பொது. பின்னால் வருகிறவனுக்கும் அது சுத்தமாக இருக்கவேண்டும்.

நான்கு பேர் வந்து சத்தமாகப் பேசுகிறார்கள். பீர் குடித்துவிட்டு வந்திருப்பது தெரிகிறது. கிழவர் எழுந்து போய்விடுகிறார். அவர் எழுந்ததும் மற்ற இரண்டு உள்ளூர்க்காரர்களும் எழுந்துவிடுகிறார்கள். நால்வரும் இடம் தாராளமாகக் கிடைத்ததில் சந்தோஷமாகக் காலை நீட்டிக்கொள்கிறார்கள். குடித்துவிட்டுச் சுடுநீரில் நெடுநேரம் ஊறினால் ரத்த அழுத்தம் இறங்கி, எழும்போது கண் இருட்டும். அதில் ஒருவன் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுபடி உட்காருகிறான்.

*

இரவு. ஹிராஃபுவின் சரிந்த தெருவில் மதுக்கூட விளக்குகள். சறுக்குத் தடத்தைவிட இந்தத் தெருவில் விழுகிறவர்கள் அதிகம். மிதிபட்ட பனி கண்ணாடியாக இறுகியிருக்கிறது. உள்ளூர்ப் பெண் ஒருத்தி சின்னச் சின்ன அடியாக, பாதத்தை முழுசாகப் பதித்து, கைகளைப் பைக்குள் விடாமல் நடந்து போகிறாள். பின்னால் வந்தவர் பெரிய எட்டு வைக்கிறார்; உட்கார்ந்துவிடுகிறார்.

ஒரு கூட்டம் பாடிக்கொண்டு போகிறது. மாடி ஜன்னலில் விளக்கு எரிகிறது, சற்று நேரம் எரிந்துவிட்டு அணைகிறது. யாரும் எட்டிப் பார்த்து ஏசவில்லை. குச்சான் நகராட்சி 2019 நவம்பரில் தங்கும் கட்டணத்தில் 2 சதவீதம் வரி வாங்கத் தொடங்கியது. தூக்கத்துக்கு வரி போட முடியவில்லை. கூட்டத்தில் கடைசியாக வந்தவன் பாதையை விட்டு விலகி, பனிக்குவியலில் மல்லாந்து படுத்துக் கையை அசைக்கிறான். மற்றவர்கள் திருப்பத்தில் மறைந்துவிட்டார்கள். இந்தக் குளிரில் போதையோடு படுத்தவன் தூங்கிவிட்டால் காலையில் எழுப்பமுடியாது. எதிர்க்கடையை மூடிக்கொண்டிருந்த பையன் பாதி இறக்கிய கதவை விட்டுவிட்டு வருகிறான். கையைக் கொடுத்துத் தூக்குகிறான், முதுகுப் பனியைத் தட்டிவிடுகிறான், திருப்பம்வரை கூடவே போய்க் கூட்டத்தில் சேர்த்துவிட்டு வந்து மிச்சக் கதவை இறக்குகிறான்.

சிறிய லாட்ஜ் ஒன்றின் முன்னறை. வாசலை ஒட்டித் தாழ்வான கல்தரை. அதைத் தாண்டி ஒரு படி உயரத்தில் மரத்தரை. கல்தரையில் காலணிகள் வெளியே பார்த்தபடி ஜோடி ஜோடியாக. மரத்தரை விளிம்பில் செருப்புகள் உள்ளே பார்த்தபடி. உரிமையாளர் மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார். அவருக்குப் பின்னால் ஆணியில் கயிற்றுச் சுருள், தலைவிளக்கு, மடக்கிய கம்பி. இந்த ஊரில் யாராவது மலையில் தொலைந்தால் தட்டப்படும் கதவுகளில் இவருடையதும் ஒன்று போலிருக்கிறது.

கதவு திறக்கிறது. சிவப்பு ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவர் வருகிறார். காலையில் கயிற்றுக்கு முன் நின்றவர். நாள் முழுக்கச் சறுக்கிய களைப்பு, முகம் சிவந்திருக்கிறது. சுவரிலிருக்கும் மலை வரைபடத்தைப் பார்த்ததும் நேரே அதனிடம் போகிறார். சிகரத்து வாயில்மேல் விரலை வைத்துத் திரும்புகிறார்.

"நாளைக்குத் திறப்பார்களா?"

உரிமையாளர் பேனாவை வைக்கிறார். ஜன்னலுக்கு வெளியே விளக்குக் கம்பத்தடியில் பனி எந்தப் பக்கமாகப் பறக்கிறது என்று பார்க்கிறார். காற்று தணிந்திருக்கிறது.

"திறக்கலாம். விடிகாலையில் தகவல் வரும்."

"திறந்தால் முதல் ஆள் நான்தான்."

உரிமையாளர் தலையசைக்கிறார். பிறகு பார்வை வரைபடத்திலிருந்து இறங்கி, விரலிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து காலுக்கு வருகிறது. மரத்தரையின் நடுவே இரண்டு ஸ்கீ பூட்ஸ்கள். அவற்றைச் சுற்றி உருகிய பனி குளம் கட்டியிருக்கிறது. வாசலிலிருந்து அதுவரைக்கும் ஈரத் தடம்.

"அதற்கு முதலில்," என்று எழுந்து கந்தலை எடுத்துக்கொண்டே சொல்கிறார், "பூட்ஸைக் கழற்றுங்கள்."